ஐ.சி. 443: 200 எம்.இ.வி.க்குக் கீழே கோடு இறங்க மாட்டேன் என்கிறது

கேள்வி:
வணக்கம். எம்.எஸ்சி. ப்ராஜெக்டுக்காக, ஃபெர்மி விண்கலத் தரவிலிருந்து ஐ.சி. 443 என்ற சூப்பர்நோவா எச்சத்தின் (வெடித்த விண்மீனின் மிச்சம்) காமாக்கதிர் நிறமாலையை, அதாவது எந்த ஆற்றலில் எவ்வளவு ஒளி வருகிறது என்பதை, எடுக்கிறேன். 2013-இல் ஃபெர்மி குழு வெளியிட்ட வரைபடத்தில் 200 எம்.இ.வி.க்கு (மில்லியன் எலக்ட்ரான் வோல்ட், ஃபோட்டான் ஆற்றலின் அலகு) கீழே கோடு செங்குத்தாக இறங்குகிறது. எனக்கோ 60 எம்.இ.வி. வரை கிட்டத்தட்ட சமதளம். 5 பாகை வட்டத்துக்குள் உள்ள தரவைத்தான் எடுத்திருக்கிறேன். இன்னொன்று: புரோட்டான்கள் வாயுவில் மோதிப் பிறக்கும் பையான் என்ற துகளின் சிதைவுதான் இந்த ஒளிக்குக் காரணம் என்றால் உச்சி 67.5 எம்.இ.வி.யில்தானே வர வேண்டும்?

பதில் 1:
5 பாகை போதவே போதாது. 100 எம்.இ.வி.யில் ஒரு புள்ளி மூலமே சுமார் 5 பாகைக்குப் பரவித் தெரியும். ஐ.சி. 443-க்கு 6 பாகை தள்ளி ஜெமிங்கா என்ற பல்சார் (சுழலும் நியூட்ரான் விண்மீன்), 10 பாகையில் நண்டு நெபுலாவின் பல்சார். காமா வானத்தில் இரண்டும் பெரும்புள்ளிகள். அவற்றின் ஒளி உங்கள் கணக்கில் கசிகிறது. வட்டத்தை 15 பாகையாக்கி இரண்டையும் மாதிரியில் சேருங்கள். பூமியின் வளிமண்டல ஒளி கலக்காதபடி உச்சிக்கோணத்தை (விண்கலத்தின் தலைக்கு நேர் மேலிருந்து அளக்கும் கோணம்) 80 பாகையில் வெட்டுங்கள்.

ஆற்றல் சிதறலுக்கான (கருவி ஃபோட்டானின் ஆற்றலைக் கூட்டியோ குறைத்தோ அளப்பது) திருத்தத்தைப் போட்டீர்களா? 100 எம்.இ.வி.க்குக் கீழே கருவியின் திறன் மளமளவென்று குறைகிறது. அதனால் அங்கே பதிவாகும் ஃபோட்டான்களில் பல, உண்மையில் கூடுதல் ஆற்றலோடு வந்தவை. திருத்தம் இல்லையென்றால் அடிப்பகுதி தூக்கித்தான் நிற்கும். எல்லாத் திசையிலும் சமமாக வரும் பின்னணிக்கு மட்டும் அதைப் போடாதீர்கள். அது தரவிலிருந்தே எடுத்த வார்ப்பு; அந்த விளைவு அதில் ஏற்கெனவே இருக்கிறது.

பதில் 2:
67.5 கேள்விக்கு: மின்சுமையற்ற பையானின் நிறை 135 எம்.இ.வி. அது இரண்டு ஃபோட்டானாக உடைவதால் ஆளுக்குப் பாதி. ஃபோட்டான் எண்ணிக்கையின் உச்சி அங்கேதான். ஆனால் நாம் வரைவது ஆற்றலின் வர்க்கத்தால் பெருக்கிய கோடு. பெருக்கியதும் மேடு வலப்பக்கம் நகர்ந்துவிடும்.

கேட்டவர்:
நன்றிங்க. எல்லாம் மாற்றி ஓட்டினேன், 200-க்குக் கீழே இறங்குகிறது. கடைசிப் புள்ளியின் பிழைக்கோடு மட்டும் நீளம். இதை வைத்து, ஒளிக்கு மூலம் புரோட்டான்தான் என்று எழுதலாமா?

பதில் 2:
எலக்ட்ரான்கள் அணுக்கருக்களால் திசைதிரும்பும்போது வெளிவிடும் தடைக்கதிர்வீச்சையும் பொருத்திப் பார்த்துவிட்டு எழுதுங்கள். அதில் இந்தச் சரிவைக் கொண்டுவர எலக்ட்ரான் நிறமாலையைச் செயற்கையாக ஒடிக்க வேண்டியிருக்கும். ஆனால் காஸ்மிக் கதிர்களின் (விண்வெளியிலிருந்து வரும் அதிவேகத் துகள்கள், பெரும்பாலும் புரோட்டான்கள்) பிறப்பிடம் கண்டாயிற்று என்று முடிவுரையில் போட்டுவிடாதீர்கள். 2013 பொருத்தத்தில் ஐ.சி. 443-இன் புரோட்டான் நிறமாலை சுமார் 240 ஜி.இ.வி.யிலேயே (ஒரு ஜி.இ.வி. ஆயிரம் எம்.இ.வி.) ஒடிகிறது. காஸ்மிக் கதிர் நிறமாலையின் முழங்கால் (கோடு இன்னும் செங்குத்தாகத் திரும்பும் இடம்) இருப்பது 3 பி.இ.வி. (ஒரு பி.இ.வி. பத்து லட்சம் ஜி.இ.வி.) அருகே, பத்தாயிரம் மடங்குக்கு மேல் தள்ளி.