ரத்தச் சீரத்தில் டோபமைன் பீக் (மின்னோட்ட மேடு) வரவில்லை, என்ன செய்யலாம்?

ஆய்வக மாணவி: டோபமைன் (நரம்புச் செய்தி கடத்தும் வேதிப்பொருள்) அளக்கும் சென்சாருக்காக, கிளாஸி கார்பன் மின்முனையில் கிராஃபீன் ஆக்சைடு பூசியிருக்கிறேன். பி.எச். 7.4 பாஸ்பேட் பஃபரில் டி.பி.வி. (மின்னழுத்தத்தைத் துடிப்புகளாக ஏற்றி மின்னோட்டத்தை அளக்கும் முறை) ஓட்டினால் அஸ்கார்பிக் அமிலம், டோபமைன், யூரிக் அமிலம் மூன்றும் அழகாகப் பிரிகின்றன. டோபமைனுக்குக் கண்டறியும் வரம்பு (காணக்கூடிய மிகக் குறைந்த செறிவு) 0.1 மைக்ரோமோலார். ஆனால் சீரத்தை 50 மடங்கு நீர்த்து ஓட்டினால் 0.3 வோல்ட் பக்கம் ஒரே ஒரு மேடு. அடுத்தடுத்த ஓட்டங்களில் அதுவும் சரிகிறது. கைடு "ஸ்பைக் பண்ணி ரெகவரி போட்டுவிடு" என்கிறார், அதாவது தெரிந்த அளவு டோபமைனை நாமே சேர்த்து, அதில் எத்தனை சதவீதம் அளவீட்டில் திரும்பக் கிடைக்கிறது என்று காட்டச் சொல்கிறார்.

கார்பன் கை: சரிவதற்குக் காரணம் ஆல்புமின் என்ற சீரப் புரதம். மின்முனையில் ஒட்டிக்கொள்ளும். 0.05 மைக்ரான் அலுமினாவில் தேய்த்து, பூச்சைப் புதிதாகப் போடுங்கள். பூசும் முன் ஃபெர்ரிசயனைடில் ஒரு சி.வி. (மின்னழுத்தத்தை ஏற்றி இறக்கி மின்னோட்டத்தைப் பார்க்கும் சோதனை) பாருங்கள், பீக் இடைவெளி 80 மில்லிவோல்ட்டைத் தாண்டினால் மறுபடி தேயுங்கள்.

பழைய லேப்காரன்: மின்முனை சரியாகத்தான் இருக்கிறது, தேடும் பொருள்தான் அங்கே இல்லை. ஆரோக்கியமானவர் ரத்தத்தில் தனி டோபமைன் ஒரு நானோமோலார்கூட இருக்காது. உங்கள் வரம்பு 100 நானோமோலார். அதிலும் 50 மடங்கு நீர்த்திருக்கிறீர்கள். ஆக, 5000 மடங்கு கீழே இருப்பதைத் தேடுகிறீர்கள். ஸ்பைக் செய்தால் 98 சதவீதம் ரெகவரி வரும்தான். நீங்களே போட்டதை நீங்களே எடுத்தால் வராமல் என்ன செய்யும்? அதை வைத்து "ரத்தத்தில் டோபமைன் அளந்தோம்" என்று எழுதுவது எனக்கு ஒப்பவில்லை.

அந்த 0.3 வோல்ட் மேடு பெரும்பாலும் யூரிக் அமிலம். லேப் ரிப்போர்ட்டில் 5 மி.கி./டெ.லி. என்றால் சுமார் 300 மைக்ரோமோலார். நீர்த்த பிறகும் 6 இருக்கும். உங்கள் சென்சாருக்கு அது தாராளம். தலைப்பையே அதற்கு மாற்றலாமே?

ஆய்வக மாணவி: அது யூரிக் அமிலம்தான் என்று எப்படி நிரூபிப்பது, சார்? அஸ்கார்பிக் பீக்கும் காணோமே?

பழைய லேப்காரன்: அஸ்கார்பிக் அமிலம் சீரத்தை வெளியே வைத்திருந்தாலே சில மணி நேரத்தில் ஆக்சிஜனேற்றமாகிப் போய்விடும். அந்த மேடு எது என்று பார்க்க, யூரிக் அமிலத்தைச் சிதைக்கும் யூரிகேஸ் என்சைம் சேர்த்து, கொஞ்ச நேரம் விட்டு மறுபடி ஓட்டுங்கள். மேடு மறைந்தால் யூரிக் அமிலமேதான். ஒன்று, யூரிகேஸுக்கு ஆக்சிஜன் வேண்டும். கரைசலில் நைட்ரஜன் ஊதி ஆக்சிஜனை விரட்டிவிட்டு "என்சைம் செத்துப்போச்சு" என்று வந்து நின்றவர்களைப் பார்த்திருக்கிறேன். அப்புறம், அளவீட்டுக் கோட்டை (செறிவுக்கு எவ்வளவு மின்னோட்டம் என்று காட்டும் வரைகோடு) பஃபரில் போடாமல் அதே நீர்த்த சீரத்தில் யூரிக் அமிலத்தைப் படிப்படியாகச் சேர்த்துப் போடுங்கள். அதே சீர மாதிரியை மருத்துவ லேபிலும் கொடுத்து எண்ணை ஒப்பிட்டுவிடுங்கள்.