தண்டர்பேர்டு திறந்த உடனே கிராஷ் ஆகிறது, பழைய அஞ்சல்களைக் காப்பாற்ற வழி உண்டா?

கேள்வி:
வணக்கம் நண்பர்களே. சிவகாசியில் சின்ன அச்சகம் நடத்துகிறோம். விண்டோஸ் 10 கணினி, அஞ்சலுக்குப் பல வருடமாகத் தண்டர்பேர்டுதான். நேற்று அது திறந்திருக்கும்போதே கரண்ட் போய்விட்டது. அதிலிருந்து ஐகானை அழுத்தினால் ஜன்னல் வருகிறது, இடது பக்கம் ஃபோல்டர் பெயர்கள்கூடத் தெரிகின்றன, அடுத்த நொடியே மூடிக்கொண்டு கிராஷ் அறிக்கை அனுப்பவா என்று கேட்கிறது. நீக்கிவிட்டு மறுபடி நிறுவியும் மாற்றமில்லை. அஞ்சலைக் கணினியில் இறக்கிவிட்டுச் சர்வரிலிருந்து நீக்கும் பாப் கணக்கு என்பதால் சர்வரில் பழையது எதுவும் கிடையாது. வாடிக்கையாளர்கள் ஒப்புதல் கொடுத்த லேபிள், காலண்டர் டிசைன் எல்லாம் அந்த அஞ்சல்களில்தான் இருக்கின்றன. தயவுசெய்து உதவுங்கள்.

பதில்:
பயப்படாதீர்கள் சார், ஃபோல்டர் பெயர்கள் தெரிகின்றன என்றால் அஞ்சல்கள் பெரும்பாலும் பத்திரமாகத்தான் இருக்கும். மறுபடி நிறுவியதில் பலன் இல்லாததற்குக் காரணம், அஞ்சல், முகவரி, பாஸ்வேர்டு எல்லாம் புரொஃபைல் என்ற தனி ஃபோல்டரில் இருக்கின்றன, மென்பொருளை நீக்கினாலும் அது அப்படியே இருக்கும். முதல் வேலை அதை நகல் எடுப்பது. விண்டோஸ் விசையோடு ஆர் அழுத்தி, வரும் பெட்டியில் இரண்டு சதவீதக் குறிகளுக்கு நடுவே ஆப்டேட்டா என்று ஆங்கிலத்தில் அடியுங்கள், உள்ளே தண்டர்பேர்டு ஃபோல்டர் இருக்கும், அதை முழுசாக வெளி டிரைவில் போட்டுவிடுங்கள். இது முடியாமல் வேறு எதிலும் கை வைக்க வேண்டாம்.

அப்புறம் ஷிஃப்ட் விசையைப் பிடித்துக்கொண்டே தண்டர்பேர்டைத் திறந்து பாருங்கள். அது ஆட்-ஆன்களை, அதாவது கூடுதலாகச் சேர்த்த வசதிகளை, நிறுத்திவைத்துத் திறக்கும் முறை. அதிலும் விழுந்தால், அதே ஆர் பெட்டியில் தண்டர்பேர்டு என்று ஆங்கிலத்தில் அடித்து, இடைவெளி விட்டு, மைனஸ் குறியும் பெரிய பி எழுத்தும் சேர்த்து அடியுங்கள், புரொஃபைல் தேர்வு வரும். புதிதாக ஒன்றை உருவாக்கித் திறந்து பார்த்துவிட்டுச் சொல்லுங்கள்.

கேட்டவர்:
நகல் எடுத்துவிட்டேன். ஷிஃப்ட் முறையிலும் கிராஷ். புதிய புரொஃபைல் மட்டும் ஒழுங்காகத் திறக்கிறது, ஆனால் காலியாக இருக்கிறதே?

பதில்:
காலியாகத்தான் இருக்கும், அது சோதனைக்கு மட்டும். மென்பொருளில் கோளாறு இல்லை, பழைய புரொஃபைலில் ஏதோ ஒரு ஃபைல் கெட்டிருக்கிறது என்று இப்போது தெரிந்துவிட்டது. கரண்ட் போன நேரத்தில் பாதி எழுதிய ஃபைலாக இருக்கலாம்.

டாஸ்க் மேனேஜரில் தண்டர்பேர்டு ஓடவில்லை என்று உறுதி செய்துகொண்டு, பழைய புரொஃபைலுக்குள் செஷன் என்ற பெயரில், ஜேசன் என்று முடியும் ஃபைலுக்கு வேறு பெயர் வையுங்கள். கடைசியாக எந்தெந்த டேப், எந்த ஃபோல்டர் திறந்திருந்தது என்பதை அது நினைவில் வைத்து மறுபடி அதையே திறக்கும். கெட்டுப்போன ஃபோல்டர் அதுவாக இருந்தால் ஒவ்வொரு முறையும் அங்கேயே போய் விழும். கூடவே குளோபல் மெசேஜஸ் என்று தொடங்கி எஸ்க்யூலைட் என்று முடியும் ஃபைலுக்கும் பெயர் மாற்றுங்கள், அது வெறும் தேடல் அட்டவணை, தானாகத் திரும்ப உருவாகும்.

இன்னொருவர்:
திறக்கும் முன் இணையத்தைத் துண்டித்துவிடுங்கள். இந்த நிலையில் புது அஞ்சல் எதுவும் இறங்கக் கூடாது. ஆன்டிவைரஸிலும் அந்த ஃபோல்டருக்கு விலக்கு கொடுங்கள். இன்பாக்ஸ் முழுவதும் பெரும்பாலும் ஒரே ஃபைலாக இருக்கும், அதில் ஒரு அஞ்சல் சந்தேகமாகத் தெரிந்தாலும் ஆன்டிவைரஸ் மொத்த ஃபைலையும் தூக்கி அடைத்துவிடும் ஆபத்து உண்டு.

கேட்டவர்:
திறந்துவிட்டது! இன்பாக்ஸ் வருகிறது, ரொம்ப நன்றி. ஆனால் காலண்டர் ஆர்டர் என்ற ஃபோல்டரைத் தொட்டால் மட்டும் பழையபடி கிராஷ்.

பதில்:
அப்போ குற்றவாளி அதுதான். மெயில் ஃபோல்டருக்குள் அந்தப் பெயரில் இரண்டு ஃபைல் இருக்கும். எக்ஸ்டென்ஷன் (பெயரின் கடைசியில் புள்ளிக்குப் பின் வரும் எழுத்துகள்) இல்லாமல் பெரிய அளவில் இருப்பதுதான் உங்கள் அஞ்சல், அதைத் தொடவே தொடாதீர்கள். எம்எஸ்எஃப் என்று முடியும் சின்னது அதன் குறியீட்டுப் பட்டியல், தண்டர்பேர்டை மூடிவிட்டு அதை மட்டும் வேறு இடத்துக்கு நகர்த்துங்கள். எக்ஸ்டென்ஷன் கண்ணில் படவில்லை என்றால் எக்ஸ்ப்ளோரரில் வியூ பகுதிக்குப் போய் ஃபைல் நேம் எக்ஸ்டென்ஷனை டிக் செய்யுங்கள், இல்லாவிட்டால் இரண்டும் ஒன்றுபோலத் தெரிந்து கை தவறிவிடும். அஞ்சல் வரிசைப்படுத்திய அமைப்பு மட்டும் மாறலாம்.

கேட்டவர்:
எம்எஸ்எஃப்-ஐ நகர்த்திவிட்டுத் திறந்தேன். கொஞ்ச நேரம் யோசித்தது, அப்புறம் எல்லா அஞ்சலும் வந்துவிட்டது, இணைப்பு டிசைன்களும் திறக்கின்றன. வீட்டில் எல்லோருக்கும் உயிர் வந்தது சார். பெயர் மாற்றிய ஃபைல்களை இப்போதே அழித்துவிடலாமா?

பதில்:
ரொம்ப சந்தோஷம். சில நாள் இருக்கட்டும், எல்லா ஃபோல்டரையும் ஒருமுறை திறந்து பார்த்த பிறகு அழியுங்கள். வெளி டிரைவில் எடுத்த நகலை மட்டும் அழிக்காதீர்கள். கணக்கு அமைப்பில் சர்வர் செட்டிங்ஸுக்குள் அஞ்சல்களைச் சர்வரிலும் விட்டுவைக்கும் வசதி இருக்கிறது, இன்றைக்கே அதை டிக் செய்துவிடுங்கள்.