அமெரிக்க உள்நாட்டுப் போர்: மாநில உரிமையா, அடிமை முறையா?

கேள்வி (தேர்வர், தருமபுரி):
வணக்கம். போட்டித் தேர்வுக்காக உலக வரலாறு படித்து வருகிறேன். என்னிடமுள்ள கையேடு, அமெரிக்க உள்நாட்டுப் போருக்குச் சுங்க வரியும் மாநில உரிமையுமே காரணம் என்கிறது. பயிற்சி ஆசிரியரோ அடிமை முறைதான் காரணம் என்கிறார். நாடு பிறந்த நாளிலிருந்தே இருந்த அடிமை முறை 1861-இல் மட்டும் ஏன் போரில் முடிந்தது?

பதில் (ஓய்வுபெற்ற ஆசிரியர், அரூர்):
தம்பி, எங்கள் பக்கத்து மானாவாரிப் பருத்தியில் ஒரு காயை எடுத்துக் கையால் கொட்டை பிரித்துப் பாருங்கள். பஞ்சு கொட்டையை விடாது. விரல் நுனி எரியும். நாள் முழுக்க உட்கார்ந்தாலும் அரைக் கிலோ தேறுவது பெரும்பாடு. 1793-இல் எலி விட்னியின் ஜின்னிங் இயந்திரம் இந்த முடையை நீக்கியதும், எவ்வளவு விளைந்தாலும் விற்றுவிடலாம் என்ற நிலை வந்தது. ஆனால் களை எடுக்கவும் பருத்தி எடுக்கவும் ஆள் வேண்டுமே. 1790-இல் சுமார் 7 லட்சமாக இருந்த அடிமைகள் 1860-இல் ஏறத்தாழ 40 லட்சமானார்கள். அப்போது நாட்டின் ஏற்றுமதி மதிப்பில் பாதிக்கும் மேல் பருத்திதான்.

மண் சலித்துப்போக, தோட்ட முதலாளிகள் மேற்கே புது நிலம் தேடினார்கள். சண்டை அங்கேதான் மூண்டது. புது நிலத்தில் அடிமை முறை எங்கே இருக்கலாம், எங்கே கூடாது என்பதற்கு 1820-இல் மிசௌரி உடன்பாடு என்ற நாடாளுமன்றச் சமரசம் ஒரு எல்லைக்கோட்டை வகுத்தது. 1854-இல் கான்சாஸ்–நெப்ராஸ்கா சட்டம் அதை அழித்து, குடியேறியவர்களே முடிவு செய்யட்டும் என்றதால், கான்சாஸில் இரு தரப்பும் ஆயுதத்தோடு இறங்கின.

பதில் (வழக்கறிஞர், கிருஷ்ணகிரி):
ஐயா சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். தப்பியோடிய அடிமைகளைப் பிடித்துத் தர வேண்டும் என்ற 1850-ஆம் ஆண்டுச் சட்டத்தைச் சில வட மாநிலங்கள் தம் சொந்தச் சட்டங்களால் தடுத்தபோது, மாநில உரிமை பேசிய, அடிமை முறை கொண்ட தெற்குதான் மத்திய அரசின் கையை ஓங்கச் சொன்னது. 1860 டிசம்பரில் அமெரிக்க ஒன்றியத்திலிருந்து முதலில் பிரிந்த தென் மாநிலமான தென் கரோலினா, தன் அறிக்கையில் இந்தக் குறையையே விரிவாக எழுதியது. மிசிசிப்பியின் அறிக்கையோ தன் நிலை அடிமை முறையோடு பிணைந்தது என்று ஒளிவுமறைவின்றிச் சொல்கிறது. வரியைப் பொறுத்தவரை, 1857-இல் அது குறைக்கப்பட்டிருந்தது. அதை உயர்த்திய சட்டம் 1861 மார்ச் 2-இல் கையெழுத்தாவதற்கு முன்பே ஏழு மாநிலங்கள் வெளியேறிவிட்டன. கையேட்டை எழுதியவர் அந்த அறிக்கைகளைப் படிக்கவில்லை என்றே தோன்றுகிறது.

கேள்வி கேட்டவர்:
நன்றி, ஐயா. அப்படியானால் 1860 தேர்தலில் குடியரசுத் தலைவராக வென்ற லிங்கன் அடிமை முறையை ஒழிப்பார் என்று அஞ்சித்தான் பிரிந்தார்களா?

பதில் (ஓய்வுபெற்ற ஆசிரியர், அரூர்):
உடனே ஒழிப்பதாக அவர் சொல்லவில்லை; புதிய பிரதேசங்களுக்குப் பரவக் கூடாது என்பதே அவர் கட்சியின் நிலை. ஆனால் தெற்கின் ஆதரவே இல்லாமல் ஒருவர் குடியரசுத் தலைவராக முடிகிறது என்றால், இனி செனட்டிலும் தங்கள் கை தாழும் என்று அவர்கள் கணக்கிட்டார்கள். வடக்கு அடிமைகளை விடுவிக்கவே போருக்குப் புறப்பட்டது என்றும் எழுதிவிடாதீர்கள். டெலவேர், மேரிலாந்து, கென்டக்கி, மிசௌரி ஆகிய நான்கும் அடிமை முறையை வைத்துக்கொண்டே வடக்கோடு நின்றன. 1861-இல் லிங்கன் பேசியது ஒன்றியத்தைக் காப்பது பற்றித்தான்.