பழைய எழுத்துருக் கோப்புகளை யூனிகோடுக்கு மாற்ற உதவி தேவை

வணக்கம் நண்பர்களே. எங்கள் ஊர் எழுத்தாளர் வட்டத்தின் சிறுகதைத் தொகுப்பு அச்சுக்குத் தயாராகிறது. 12 கதைகள், சுமார் 24,000 சொற்கள்.

ஐந்து கதைகள் பேஜ்மேக்கர் (பழைய பக்க வடிவமைப்பு மென்பொருள்) காலத்துப் பாமினியில் இருக்கின்றன. ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை வைத்த பழைய எழுத்துரு அது. எழுத்துரு மாற்றியில் போட்டால் எழுத்து வந்துவிடுகிறது, சனியன் பிடித்தது வேறு இடத்தில். ஒரே வரியில் பாமினியும் ஆங்கில எழுத்துருவும் கலந்திருந்தால் ஆங்கிலச் சொல்லும் தமிழாகக் குதறப்படுகிறது. மேற்கோள் குறிகள் வேறு எழுத்தாகிவிடுகின்றன. உரையாடல் நிறைந்த கதைக்கு இது பெரிய தலைவலி.

யூனிகோடில் (எல்லாக் கணினிக்கும் பொதுவான எழுத்துக் குறிமுறை) வந்த கதைகளும் சுத்தமில்லை. துணைக்கால் வரவேண்டிய இடத்தில் ‘ர’, ‘கௌரவம்’ என்பதற்குக் ‘கெளரவம்’ (‘ௌ’ குறிக்குப் பதில் ‘ெ’யும் ‘ள’வும்). கண்ணுக்குத் தெரியாது, தேடினால் சிக்காது.

இன்டிசைன் என்ற பக்க வடிவமைப்பு மென்பொருளில் கொம்பு இடம் மாறுவது, இந்திய எழுத்துகளைச் சரியாக அடுக்கும் ‘வேர்ல்டு ரெடி கம்போஸர்’ அமைப்பைத் தேர்ந்ததும் சரியாகிவிட்டது. அதில் குழப்பமில்லை.

கேட்க வேண்டியவை இரண்டு. எழுத்துருவைப் பார்த்துப் பாமினிப் பகுதியை மட்டும் மாற்றும் வேர்டு மேக்ரோ (வேலையைத் தானாகச் செய்யும் சிறு நிரல்) யாரிடமாவது இருக்கிறதா? ‘ெ’யை அடுத்து ‘ள’ வரும் இடங்களை எல்லாம் மொத்தமாக ‘ௌ’ என்று மாற்றினால் ‘வெள்ளம்’, ‘தெளிவு’ கெட்டுவிடும். அவற்றைத் தவிர்க்கும் தேடல் முறை என்ன? மாதிரிக்கு ஒரு பக்கம் அனுப்புகிறோம். முழுக்கதை வேண்டாம், ஆசிரியர்களின் அனுமதி இன்னும் வாங்கவில்லை.