பெட்டர் கால் சால் கடைசி சீசன்: கிம் ஏன் இப்படி ஆனாள்?

நிலாமதி:
முடிவு வரைக்கும் சொல்லித்தான் கேட்கிறேன். இன்னும் பார்க்காதவர்கள் தாண்டிப் போய்விடுங்கள்.

பெட்டர் கால் சால் என்ற அமெரிக்க டிவி தொடரின் ஆறாவது சீசனை நேற்று முடித்தேன். குறுக்கு வழி வக்கீல் ஜிம்மிக்குக் கொடுத்த முடிவு எனக்குப் பிடித்தது. அவன் மனைவி, அவளும் வக்கீல், கிம் விஷயம்தான் உறுத்திக்கொண்டே இருக்கிறது. ராத்திரி முழுக்கக் கண்விழித்து ஃபைல் பார்ப்பவள், காசில்லாதவர்களுக்காகக் கோர்ட்டில் நிற்பவள். அப்படிப்பட்டவள் ஒன்பதாவது எபிசோடில் வக்கீல் தொழிலையும் விடுகிறாள், ஜிம்மியையும் விடுகிறாள். அப்புறம் பன்னிரண்டாவதில் பார்த்தால் ஃபுளோரிடாவில் ஒரு ஸ்பிரிங்க்ளர் கம்பெனியில் உட்கார்ந்திருக்கிறாள். தலைமுடி நிறம்கூட மாறிவிட்டது. இவ்வளவு நுணுக்கமாக வளர்த்த பாத்திரத்தைக் கதையை முடிக்கிற அவசரத்தில் ஓரங்கட்டிவிட்டார்களோ என்று தோன்றுகிறது. உங்களுக்கு என்ன தோன்றியது?

சேலத்து ரசிகன்:
கிம்மும் ஜிம்மியும் பெயரைக் கெடுக்கத் திட்டம் போட்ட வக்கீல் ஹோவர்டின் சாவுதான் காரணம், வேறென்ன? கண்ணெதிரே வீட்டுக்குள் ஒருவனைச் சுட்டுத் தள்ளினால் யார்தான் பழையபடி இருப்பார்கள்? சுட்டவன் லாலோ, போதைக் கும்பல்காரன். அவன் உள்ளே வந்த அந்த ஒரு காட்சியே போதும்.

கறுப்பு கவுன்:
ரசிகன் சொல்வது பாதிதான். லாலோ வந்திருக்காவிட்டாலும் கிம் ஒருநாள் இந்த இடத்துக்கு வந்திருப்பாள் என்று நினைக்கிறேன். அதற்கான காட்சி அதற்கு முந்தைய, ஆறாவது எபிசோடிலேயே இருக்கிறது. ஏழைகளுக்கு நல்ல வக்கீல்கள் கிடைக்கும்படி ஒரு அறக்கட்டளையின் பணத்தில் ஏற்பாடு செய்ய வேண்டும் என்பது அவளுடைய பெரிய ஆசை. அதற்கான சந்திப்புக்காக சாண்டா ஃபேவுக்குக் காரோட்டிப் போய்க்கொண்டிருக்கிறாள். ஜிம்மி போன் செய்கிறான்: சமரசம் பேச வருகிற முன்னாள் நீதிபதியின் கையில் மாவுக்கட்டு, ஹோவர்டை மாட்டிவிட நாம் எடுத்துவைத்த போட்டோக்கள் பொருந்தாது, இன்றைக்கு வேண்டாம், இன்னொரு நாள் வைத்துக்கொள்ளலாம் என்கிறான். அவள் இன்றைக்கேதான் என்று சொல்லி, நெடுஞ்சாலையிலேயே வண்டியைத் திருப்புகிறாள். அவளை யாரும் வற்புறுத்தவில்லை. ஜிம்மியே நிறுத்தலாம் என்கிறான். கட்சிக்காரர்களுக்கு நல்லது செய்யும் வாய்ப்பு ஒருபக்கம், ஹோவர்டைக் கவிழ்க்கும் சுகம் மறுபக்கம் என்று வந்தபோது இரண்டாவதை அவளாகவே எடுத்துக்கொண்டாள்.

ஒன்பதாவது எபிசோடில் பிரியும்போது அவள் சொல்வதும் இதைத்தான். செத்துவிட்டதாக ஜிம்மி நினைத்த லாலோ உயிரோடு இருப்பது அவளுக்கு முன்பே தெரியும். ஜிம்மியிடம் சொன்னால் அவன் பயந்துபோய்த் திட்டத்தை நிறுத்திவிடுவான், திட்டம் நின்றால் இந்தக் கொண்டாட்டமும் நின்றுவிடும். அதனால்தான் மறைத்தேன் என்கிறாள். அந்த வரியைக் கிம்மாக நடித்த ரியா சீஹார்ன் சொல்கிற விதத்துக்காகவே அந்தக் காட்சியைத் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறேன்.

நானும் வக்கீல்தான். சன்னதை, அதாவது வக்கீல் உரிமத்தை, திருப்பிக் கொடுப்பது என்றால் என்ன என்று எனக்குத் தெரியும். வேலையை விடுகிற மாதிரி இல்லை அது. இந்தக் கையில் இனி யாருடைய வழக்கும் இருக்கக் கூடாது என்று தனக்குத்தானே தீர்ப்பு எழுதிக்கொள்வது. அதனால் ஃபுளோரிடா வாழ்க்கையை எழுதியவர்கள் அவசரத்தில் கட்டியதாக நான் பார்க்கவில்லை. அங்கே அவள் தண்டனையை அனுபவித்துக்கொண்டிருக்கிறாள். கவனித்துப் பாருங்கள், அந்த ஊரில் அவள் ஒரு முடிவும் எடுப்பதில்லை. உருளைக்கிழங்கு சாலட்டுக்கு மயோனைஸுக்குப் பதில் வேறொன்றைப் போடலாமா என்று கேட்டால்கூடத் தன் கருத்தைச் சொல்வதில்லை. நெடுஞ்சாலையில் ஒரு நொடியில் வண்டியைத் திருப்பியவள் இவள்! தான் எடுக்கும் முடிவால் ஆள் சாகும் என்று நம்புகிறவள் வேறு எப்படி இருப்பாள்?

அப்புறம்தான் தன் பழைய ஊரான ஆல்புகர்க்கிக்குப் போகிறாள். கோர்ட்டு நடையில் ஒரு இளம் வக்கீல் தன் கட்சிக்காரரைத் தயார்ப்படுத்துவதைத் தூரத்தில் நின்று பார்க்கிறாள். ஹோவர்டின் மனைவி ஷெரிலிடம், நடந்ததையெல்லாம் ஒப்புக்கொண்டு எழுதிய அஃபிடவிட்டைக் கொடுக்கிறாள். உடல் கிடைக்கவில்லை, ஜிம்மியைத் தவிர வேறு சாட்சியும் இல்லை, தன்மேல் வழக்கு நிற்காமலே போகலாம் என்றும் மறைக்காமல் சொல்கிறாள். எல்லாம் முடிந்து விமான நிலையப் பேருந்தில் உட்காரும் வரைக்கும் முகத்தில் ஒன்றுமில்லை. பிறகு உடைகிறாள், அடக்கவே முடியாமல். பக்கத்தில் இருக்கும் முன்பின் தெரியாத பெண்மணி அவள் கைமேல் கை வைக்கிறாள்.  ஆறு வருஷமாக உள்ளே கிடந்தது அங்கேதான் வெளியே வருகிறது.

நிலாமதி:
மிக்க நன்றி. சாலட் காட்சியை நான் இப்படி யோசிக்கவில்லை. ஆனால் ஒரு சந்தேகம். அப்படியானால் ஜிம்மி திருந்தியது கிம்முக்காக மட்டும்தானா? போலீஸில் பிடிபட்ட பிறகு அரசுத் தரப்போடு 7 வருஷச் சிறைக்குப் பேசி முடித்த ஒப்பந்தத்தைக் கிழித்துப் போட்டு 86 வருஷம் வாங்கிக்கொள்கிறான். அவள் கோர்ட்டில் உட்கார்ந்திருக்காவிட்டால் செய்திருப்பானா?

கறுப்பு கவுன்:
அவள் முன்னால் செய்ய வேண்டும் என்றுதான் அவளை அங்கே வரவழைக்கிறான், சரி. ஆனால் கோர்ட்டில் அவன் ஒப்புக்கொள்கிற தவறுகளின் பட்டியலில் அண்ணன் சக்கும் வருகிறாரே. சக்கின் தொழில்முறைக் காப்பீட்டுக்கு இவன் உலை வைத்ததும், சட்டம் இல்லாமல் வாழ முடியாத மனிதர் அதனால் உயிரை விட்டதும் அந்த வழக்கிலேயே இல்லாத விஷயம். உடன் வந்த வக்கீல் ஓக்லி, அது ஒரு குற்றமே இல்லையே என்கிறார். ஜிம்மி, குற்றம்தான் என்கிறான். அந்த பதிலில் கிம்முக்கு வேலையில்லை. அது அவனுக்கும் அவன் அண்ணனுக்கும் நடுவில் முதல் சீசனிலிருந்து பாக்கி இருந்த கணக்கு. அதற்குப் பிறகுதான், சால் குட்மேன் என்ற பெயரில் தொழில் செய்துவந்தவன், நீதிபதியிடம் தன் பெயர் மெக்கில் என்கிறான்.

சேலத்து ரசிகன்:
நீங்கள் இவ்வளவு சொன்ன பிறகு அந்த ஒன்பதாவது எபிசோடை மறுபடி ஓட்டினேன். கிம் போவது ஒருபக்கம். அதே எபிசோடில் போதைப்பொருள் வியாபாரி கஸ் ஒயின் பாரில் தனக்குப் பிடித்த மனிதரோடு பேசிக்கொண்டிருக்கிறான், அவர் புது பாட்டில் எடுக்கப் போன நேரத்தில் காசை வைத்துவிட்டு எழுந்து போய்விடுகிறான். கஸ்ஸின் ஆள் மைக், செத்துப்போன கும்பல்காரன் நாச்சோவின் அப்பாவிடம் போய் நியாயம் கிடைக்கும் என்கிறான். அந்தப் பெரியவர், நீ சொல்வது நியாயம் இல்லை, பழிவாங்கல் என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டுப் போகிறார். மூன்று பேருக்கும் வேறு வழியில் போக ஒரு சந்தர்ப்பம் வருகிறது. கிம் ஒருத்திதான் போகிறாள். அவளை ஓரங்கட்டிவிட்டார்கள் என்று இனி நான் ஒத்துக்கொள்ள மாட்டேன், நிலாமதி.