வளைகுடா சம்பளத்தை நம்பி ஊரில் 20 வருட வீட்டுக் கடன் வாங்கலாமா?

காவிரிக்கரை:
ஷார்ஜாவில் 7,500 திர்ஹம் சம்பளம். திருச்சி கே.கே. நகரில் 60 லட்சத்துக்கு வீடு பார்த்திருக்கிறோம். வங்கி 45 லட்சம் தரத் தயார். 8.5 சதவீத வட்டி, 20 வருடம், மாதத் தவணை 39,000 ரூபாய். அதாவது சுமார் 1,700 திர்ஹம். வாங்கிவிடலாம் என்கிறாள் மனைவி. கையில் காசு சேரட்டும் என்கிறார் அப்பா. என்ன செய்யலாம்?

மணல்காற்று:
தைரியமாக வாங்குங்கள் தம்பி. 2012ல் நான் 30 லட்சம் வாங்கினேன், தவணை 29,000. அப்போது ஒரு திர்ஹம் பதினாலரை ரூபாய், மாதம் 2,000 திர்ஹம் போனது. 2022 கடைசியில் திர்ஹம் 22 ரூபாய், அதே தவணைக்கு 1,320 போதுமானதாக இருந்தது. டாலருக்கு 3.67 திர்ஹம் என்பது 1997லிருந்து மாறவில்லை. கடன் ரூபாயில், சம்பளம் திர்ஹமில். ரூபாய் இறங்க இறங்க நம் சுமை குறைகிறது.

பழைய அபுதாபி:
அண்ணே, இந்தக் கணக்கெல்லாம் வேலை இருக்கும்வரைதான். 2020ல் கம்பெனி ஆட்களைக் குறைத்தது, விசா ரத்தானது, ஊருக்கு வந்துவிட்டேன். திர்ஹம் நின்றது, தவணை நிற்கவில்லை. அந்த வருடம் மார்ச்சிலிருந்து ஆகஸ்ட் வரை தவணையைத் தள்ளிப்போட ரிசர்வ் வங்கி அனுமதித்தது, நானும் தள்ளிப்போட்டேன். ஆறு மாத வட்டியும் அசலில் ஏறிக்கொண்டது. ஊரில் கிடைத்த சம்பளம் 28,000, தவணை 33,000. மனைவியின் நகையை அடகு வைத்துத்தான் கட்டினேன். 90 நாள் கட்டாமல் விட்டால் வாராக்கடன் என்று எழுதிவிடுவார்கள்.

இன்னொன்று. ரூபாய் இறங்குவதைச் சொல்கிறீர்கள், வட்டி ஏறுவதைச் சொல்லவில்லை. வங்கிகளுக்கு ரிசர்வ் வங்கி கடன் தரும் வட்டியான ரெப்போ, 2022 மே மாதத் தொடக்கத்தில் 4 சதவீதம், 2023 பிப்ரவரியில் 6.5 ஆனது. கடன் வட்டியும் கூடவே ஏறியது. எனக்குத் தவணையை ஏற்றாமல் வருடங்களை நீட்டிவிட்டார்கள்.

மணல்காற்று:
படிக்கவே கஷ்டமாக இருக்கிறது. ஆனால் உங்களைக் கவிழ்த்தது கடன் இல்லை, கையிருப்பு இல்லாததுதான். ஆறு மாதத் தவணையை என்ஆர்இ கணக்கில், அதாவது வெளிநாட்டில் இருப்பவர்கள் ஊர் வங்கியில் வைக்கும் ரூபாய்க் கணக்கில், தனியாக வைத்திருக்க வேண்டும். மாறும் வட்டிக் கடனை முன்கூட்டியே அடைத்தால் அபராதமும் கிடையாது. போனஸை எல்லாம் அதில் போட்டுத்தான் பத்து வருடத்தில் முடித்தேன்.

பழைய அபுதாபி:
ஆறு மாதம் போதுமா? அடுத்த வேலை கிடைக்க எனக்கு 14 மாதம் ஆனது.

செட்டிநாட்டுப் பெண்:
ரொக்கமாக வாங்கச் சொல்பவர்களுக்கு ஒரு விஷயம். வெளிநாட்டில் இருப்பவர் பத்திரத்தை நேரில் பார்த்து விசாரிக்க முடியாது. எங்கள் கடனுக்கு வங்கி வக்கீல் மூலப்பத்திரத்தைக் கேட்டு வாங்கிப் படித்தார். பாகப்பிரிவினைப் பத்திரத்தில் விற்பவரின் அக்கா கையெழுத்தே இல்லை! வில்லங்கச் சான்றை மட்டும் பார்த்திருந்தால் தெரிந்திருக்காது, பணத்தைக் கொடுத்துவிட்டு கோர்ட்டுக்கு அலைந்திருப்போம்.

அப்புறம், நமக்குப் பதிலாக ஊரில் ஒருவர் கையெழுத்துப் போட அதிகாரம் தரும் பவர் பத்திரம். துபாயில் இந்தியத் துணைத் தூதரகத்தில் சான்றொப்பம் வாங்கினால் மட்டும் போதாது. பத்திரம் இந்தியாவுக்கு வந்த 3 மாதத்துக்குள் முத்திரைத் தீர்வை கட்ட வேண்டும். எங்களுடையது ஐந்து மாதம் பீரோவில் கிடந்தது, மறுபடி எழுத வேண்டியதாயிற்று.

பழைய அபுதாபி:
பத்திர விஷயத்தில் சகோதரி சொல்வது சரி. ஆனால் வக்கீல் பார்ப்பதற்கு 20 லட்சம் கடன் போதுமே, 45 எதற்கு? மூன்று வருடம் பொறுத்து முன்பணம் சேருங்கள். 20 லட்சத்துக்குத் தவணை 17,400தான். ஊரில் வேலை பார்த்தாலும் கட்டலாம்.

மணல்காற்று:
மூன்று வருடம் கழித்து அந்த வீடு 60 லட்சத்துக்குக் கிடைக்குமா?

காவிரிக்கரை:
அனைவருக்கும் நன்றி. மனைவி ஊரில் டீச்சர், சம்பளம் 22,000. அவளையும் கடனில் சேர்த்து, நான் திரும்பி வந்தாலும் அவள் சம்பளத்தில் கட்டக்கூடிய தொகை எவ்வளவு என்று முதலில் பார்க்கிறேன். மூலப்பத்திர நகலை இன்றே கேட்டிருக்கிறேன்.