ரோபாட்டிக்ஸ் முதுநிலைப் படிப்பு: டர்பனிலேயே படிப்பதா, ஜெர்மனிக்குச் செல்வதா?

கேள்வி (சாட்ஸ்வொர்த், டர்பன்)

அனைவருக்கும் வணக்கம். மின்பொறியியலில் மூன்றாண்டு பிஎங்டெக் (பொறியியல் தொழில்நுட்ப இளநிலை) பட்டம் பெற்று, பிளாஸ்டிக் கலன்கள் வார்க்கும் ஆலையொன்றில் பிஎல்சி எனப்படும் எந்திரக் கட்டுப்பாட்டுக் கணினிக்கு நிரல் எழுதும் பணியில் இருக்கிறேன், வயது 27. வார்ப்பு எந்திரத்திலிருந்து கலன்களை எடுத்து வைக்கும் ஆறு அச்சு ரோபோ, கையை நேர்கோட்டில் நீட்டும்போது குறிப்பிட்ட ஓரிடத்தில் மட்டும் வேகவரம்பு மீறியதாகப் பிழை காட்டி நின்றுவிடுகிறது. அதை மீண்டும் ஓடவைக்க எங்களுக்குத் தெரியும்; ஏன் அங்கே நிற்கிறது என்று சொல்லத்தான் ஆளில்லை. இத்தகைய கேள்விகளுக்கு அடிப்படையிலிருந்து விடை காண, தானியக்கமும் ரோபாட்டிக்ஸும் முதுநிலையில் படிக்க விரும்புகிறேன். இங்கேயே படிப்பதா, இதே பெயரில் ஆங்கில வழிப் படிப்பு நடத்தும் ஜெர்மனியின் டார்ட்மண்ட் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்துக்கு முயல்வதா? வேலையை விடாமல் படிக்க முடியுமா என்பதே வீட்டுப் பெரியவர்களின் கேள்வி.

மறுமொழி (பிரிட்டோரியா, கட்டுப்பாட்டுப் பொறியாளர்)

தம்பி, முதலில் அந்த ரோபோவைப் பார்ப்போம். நீங்கள் சொல்வதை வைத்துப் பார்த்தால் அது மணிக்கட்டு ஒருமைநிலையாக, அதாவது மணிக்கட்டின் அச்சுகள் ஒன்றோடொன்று பொருந்திக் கை முடங்கும் நிலையாக, இருக்க வேண்டும். ஐந்தாம் அச்சின் கோணம் சுழியை நெருங்கும்போது நான்காம் அச்சும் ஆறாம் அச்சும் ஒரே கோட்டில் அமைகின்றன. மூட்டுகளின் வேகத்தைக் கை நுனியின் வேகத்தோடு இணைக்கும் யாகோபியன் அணியின் அணிக்கோவை சுழியாகி, ஆறு மூட்டுகள் இருந்தும் கை ஓர் இயக்கத் திசையை இழக்கிறது. அந்த இடத்தை நேர்கோட்டில், சீரான வேகத்தில் கடக்க வேண்டுமென்றால் அவ்விரு மூட்டுகளும் எட்டமுடியாத வேகத்தில் எதிரெதிராகச் சுழல வேண்டியிருக்கும் என்பதால் கட்டுப்பாட்டுப் பெட்டி இயக்கத்தை நிறுத்திவிடுகிறது. பற்றுக்கருவியைச் சில பாகை சாய்த்துப் பொருத்தினாலோ, பாதையின் அந்தத் துண்டை மட்டும், நேர்கோட்டை வற்புறுத்தாத மூட்டு இயக்கமாக எழுதினாலோ பெரும்பாலும் சரியாகும்.

முதுநிலைப் படிப்பின் சாரமே இதுதான்: நேரியல் இயற்கணிதம், வகைக்கெழுச் சமன்பாடுகள், நிகழ்தகவு. ரோபோ மூட்டுகளின் அமைப்பை விவரிக்க 1955இல் வந்த டெனாவிட்–ஹார்ட்டன்பெர்க் முறையும், பிழை கலந்த அளவீடுகளிலிருந்து உண்மை நிலையை மதிப்பிட 1960இல் வந்த கால்மன் வடிப்பானும் இன்றும் பாடத்தின் தூண்களாக இருப்பதற்கு அந்தக் கணிதமே காரணம். ரோபோ நிரல்களை எழுத உதவும் ஆர்ஓஎஸ் 2 போன்ற மென்பொருளை ஆலையிலிருந்தபடியே கற்கலாம்; கணிதத்தைத் தனியாகக் கற்பது கடினம், அதற்கு ஆசிரியர் வேண்டும்.

நம் தென்னாப்பிரிக்காவின் தேசியத் தகுதி அடுக்கில் உங்கள் பட்டம் ஏழாம் நிலை, முதுநிலை ஒன்பதாம் நிலை. எனவே இடையில் எட்டாம் நிலையான ஹானர்ஸ் பட்டத்தை முடிக்க வேண்டியிருக்கும். முதுநிலைக்கு 180 கிரெடிட்டுகள், அதாவது ஏறத்தாழ 1,800 மணி நேர உழைப்பு. பல இடங்களில் அதில் பெரும்பகுதி ஆய்வேடுதான். ஆகவே பல்கலைக்கழகத்தின் பெயரைவிட நெறியாளர் யார், அவருடைய ஆய்வகத்தில் உண்மையில் ஓடும் ரோபோ இருக்கிறதா என்பதையே முதலில் விசாரியுங்கள்.

மறுமொழி (ஜெர்மனியில் படித்து, இப்போது டர்பனின் ஃபீனிக்ஸ் பகுதியில் வசிப்பவர்)

டார்ட்மண்டில் படிப்பு நான்கு பருவங்கள். அந்த மாநிலத்தின் அரசுப் பல்கலைக்கழகங்களில் கல்விக் கட்டணம் இல்லை, பருவப் பங்களிப்புத் தொகை மட்டும் உண்டு. ஜெர்மனி முழுவதும் அப்படியென்று எண்ணிவிடாதீர்கள்: பாடன்-வூர்ட்டம்பெர்க் மாநிலத்தில், ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வரும் நம்மைப் போன்றோர் பருவத்துக்கு 1,500 யூரோ கட்ட வேண்டும். கட்டணத்தைவிட நம் குடும்பங்களுக்குப் பெரும் பாரம் விசாவுக்கான முடக்கப்பட்ட கணக்குதான் (முன்கூட்டியே பணம் போட்டு, மாதந்தோறும் ஒரு பகுதியை மட்டும் எடுக்கக்கூடிய வங்கிக் கணக்கு). அதில் ஓராண்டுச் செலவுக்கு 11,904 யூரோ காட்ட வேண்டும் என்பது 2024 செப்டம்பரில் வந்த விதி. உங்கள் மூன்றாண்டுப் பட்டத்தை எப்படி மதிப்பிடுவார்கள் என்பதைப் பல்கலைக்கழகத்துக்கே எழுதிக் கேட்டுவிட்டு, அதன் பிறகு பணத்தைத் திரட்டுங்கள்.

மறுமொழி (மெரபேங்க், டர்பன்; ஓய்வுபெற்ற விரிவுரையாளர்)

தம்பி, வயதைக் கவனத்தில் கொள்ளுங்கள். என்ஆர்எஃப் எனப்படும் தேசிய ஆய்வு அறக்கட்டளையின் உதவித்தொகைக்கு ஹானர்ஸில் 28, முதுநிலையில் 30 என்று வயது வரம்பு வைத்திருக்கிறார்கள். அதுவும் முழுநேர மாணவர்களுக்கே. பகுதிநேரமாகப் படித்தால் அந்த உதவி கிடைக்காது, ஆனால் சம்பளம் நிற்காது. உங்கள் நிலையில் இருந்தால் நான் வேலையோடு ஹானர்ஸை இங்கேயே முடித்து, ஆலையின் ஒப்புதலோடு அந்த ரோபோவின் பாதைத் திட்டமிடலையே முதுநிலை ஆய்வுப் பொருளாகக் கொள்வேன். உண்மையான எந்திரத்தின் அளவீடுகளோடு வரும் மாணவரை நெறியாளர்கள் விரும்பி ஏற்பார்கள். ஆனால் ஆய்வேடு பிற்பாடு எல்லோரும் படிக்கும்படி வெளிவரும் என்பதால், எந்தத் தரவை வெளியிடலாம் என்பதை ஆலை நிர்வாகத்திடம் எழுத்து வடிவில் பெற்ற பிறகே பதிவு செய்யுங்கள்.